பிரிட்டன் தட்டு: எதை, எங்கே, எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது

பிரிட்டன் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்பது விமானம் ஏறும் முன்பே எல்லோர் காதிலும் விழுந்துவிடும் செய்தி. அதில் பாதிதான் உண்மை. அந்த ஊர்ச் சமையலில் அடுப்பில் வேலை செய்வது உப்பு, கொழுப்பு, சூடு ஆகிய மூன்றும்தான். புளிப்பும் உறைப்பும் தட்டு மேசைக்கு வந்த பிறகு, சாப்பிடுகிறவர் கையால் சேர்பவை. பொரித்த மீனுக்கு மால்ட் வினிகர், மாட்டிறைச்சிக்கு ஹார்ஸ்ராடிஷ் என்ற காட்டமான வேர், ஆட்டிறைச்சிக்குப் புதினா சாஸ், பன்றி இறைச்சிக்கு ஆப்பிள் சாஸ், காலை உணவுக்கு பிரவுன் சாஸ், சாஸேஜுக்குக் கடுகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி உண்டு. இந்த ஜோடியைத் தொடாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று கொழுப்பு. பார்வைக்குச் சைவமாகத் தெரியும் பல பண்டங்களில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களுக்கு இந்த நாடு கஷ்டமானது அல்ல. ஆனால் எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த இடங்களை அந்தந்த உணவோடு சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

மீனும் சிப்ஸும்

முதலில் சாப்பிட வேண்டியது இதுதான். பெரிய மீன் துண்டை மாவில் தோய்த்து எண்ணெயில் முழுக மூழ்கவிட்டுப் பொரித்து, விரல் தடிமனான உருளைக்கிழங்குச் சிப்ஸோடு தருவார்கள். (நம் ஊரில் பாக்கெட்டில் விற்கும் மெல்லிய சிப்ஸ் அங்கே கிரிஸ்ப்ஸ்.) இங்கிலாந்தின் தெற்கில் பெரும்பாலும் காட் மீன், யார்க்‌ஷரிலும் ஸ்காட்லாந்திலும் ஹேடாக்குக்குத்தான் மரியாதை. காட் பெரிய பெரிய இதழாகப் பிரியும், சுவை மென்மை. ஹேடாக்கில் லேசான இனிப்பும் மீன் வாசமும் கூடுதல். நெத்திலியும் வஞ்சிரமும் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு ஹேடாக்தான் ஒத்துவரும்.

பொரித்த மீனை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளிலிருந்து வந்த யூதர்கள். அதைச் சிப்ஸோடு சேர்த்து முதலில் விற்ற கடை எது என்பதில் லண்டனுக்கும் லங்காஷருக்கும் இன்னும் தீராத வழக்கு உண்டு. இரு தரப்பும் சொல்லும் காலம் 1860களின் தொடக்கம். இரண்டாம் உலகப் போரில் பல உணவுகளுக்கு ரேஷன் வந்தபோதும் இதற்கு வரவில்லை.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடிச் சூட்டுப்பெட்டிக்குள் மீன்கள் அடுக்கிவைத்துக் காத்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஆர்டர் வந்த பிறகு பொரிக்கும் கடையில் ஐந்து பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும், அது நல்ல அடையாளம். மாவு ஒரு கூடு போல மீனை மூடிக்கொள்ள, உள்ளே மீன் தன் ஈரத்திலேயே ஆவியில் வேகிறது. எண்ணெய் 180 டிகிரி அளவுக்குச் சூடாக இல்லாவிட்டால் கூடு இறுகுவதற்குள் எண்ணெயைக் குடித்துவிடும், தொட்டால் வழவழக்கும். மீனுக்கும் மாவுக்கும் நடுவே வெள்ளையாக வேகாத பசை தெரிந்தால், மாவு கெட்டி அல்லது அவசரம்.

கவுன்டரில் இரண்டு கேள்வி வரும். உப்பும் வினிகரும் போடட்டுமா என்பது முதல் கேள்வி. தாராளமாகத் தலையாட்டுங்கள், எண்ணெயை வெட்டுவது அந்தப் புளிப்புதான். ஒரு சின்ன உண்மை: பல கடைகளில் அது காடியாகப் புளிக்கவைத்த மால்ட் வினிகர் அல்ல, தண்ணீரில் அசெட்டிக் அமிலமும் நிறமும் கலந்த மலிவுச் சரக்கு. மால்ட் வினிகர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவதில் தவறில்லை. எடின்பரோவில் போட்டுத் தருவது உப்பும் சாஸும். பிரவுன் சாஸை வினிகரில் நீர்க்க வைத்தது. இரண்டாவது கேள்வி, திறந்தா மடித்தா என்பது. உடனே சாப்பிடுவதென்றால் திறந்தே வாங்குங்கள். இறுக மடித்த காகிதத்திலும் மூடிய அட்டைப்பெட்டியிலும் ஆவி உள்ளேயே சுற்றி, பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். விடுதிக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட நினைப்பவர்கள் ஏமாறுவது இதில்தான்.

வடக்கு இங்கிலாந்தில், குறிப்பாக யார்க்‌ஷரில், பல கடைகள் இன்றும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. மொறுமொறுப்புக்கும் மணத்துக்கும் அதுவே சிறந்தது என்பது அவர்கள் கட்சி. அப்படிப்பட்ட கடையில் வெறும் சிப்ஸ் வாங்கினாலும் அது சைவம் அல்ல. "என்ன எண்ணெயில் பொரிக்கிறீர்கள்?" என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள், பெருமையாகவே சொல்வார்கள். கூட வாங்க வேண்டியது மஷி பீஸ்: காய்ந்த பெரிய பட்டாணியைச் சமையல் சோடா போட்டு இரவு முழுக்க ஊறவைத்துக் குழைய வேகவைத்தது. பச்சைக் களி மாதிரித் தெரிந்தாலும் வினிகர் பட்ட மீனுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. கறி சாஸ் என்று ஒன்றும் கிடைக்கும், இனிப்பான மஞ்சள் குழம்பு. அதில் நம் ஊர்க் குழம்பைத் தேடாமல் இருந்தால் பிடித்துப்போகும்.

கடற்கரை ஊர்களில் ஓர் எச்சரிக்கை: கடற்காகங்கள் கையிலிருந்தே பறித்துப்போகும். சுவருக்கு முதுகு கொடுத்து உட்காருங்கள்.

ஞாயிறு மதிய வறுவல்

சண்டே ரோஸ்ட் என்பது ஒரு பதார்த்தம் அல்ல, ஒரு முழுச் சாப்பாடு. ஓவனில் சுட்ட பெரிய இறைச்சித் துண்டு (மாடு, ஆடு, பன்றி, கோழி இவற்றில் ஒன்று), கொழுப்பில் மொறுக வறுத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த காய்கள், யார்க்‌ஷர் புட்டிங், மேலே கிரேவி. இதை உணவகத்தில் தேடாதீர்கள், மதுவோடு சாப்பாடும் விற்கும் பப்பில் சாப்பிடுங்கள். பெரும்பாலான பப்களில் ஞாயிறு மட்டும், பகல் 12 மணிக்குத் தொடங்கி மாலை 4, 5 வரை. மேசையை முன்பதிவு செய்வது அவசியம். 12:30 முதல் 1:30 வரை உட்காருவதே புத்திசாலித்தனம். மூன்றரைக்குப் போனால் காய் குழைந்து, இறைச்சி விளக்கடியில் உலர்ந்து, மாட்டிறைச்சி தீர்ந்துபோய் இருக்கும்.

இறைச்சி மாடு என்றால் நடுவில் ரோஜா நிறமாகவே தருவார்கள். பிடிக்காதவர்கள் நன்றாக வெந்த ஓரத் துண்டு வேண்டும் என்று ஆர்டரின்போதே சொல்லிவிடலாம். ஹார்ஸ்ராடிஷ் சாஸை முதலில் கால் ஸ்பூன் தொட்டுப் பாருங்கள். மிளகாய் போல நாக்கில் எரியாது, நேராக மூக்குக்கு ஏறும். ஆங்கிலக் கடுகு சாஸும் அப்படியே. பிரெஞ்சு வகையை நினைத்துக்கொண்டு அள்ளிப் பூசினால் கண்ணீர்தான்.

யார்க்‌ஷர் புட்டிங் இனிப்பு அல்ல. முட்டை, மைதா, பால் கலந்த மாவைச் சூடான கொழுப்பில் ஊற்றி உப்பவைத்த கிண்ணம், கிரேவியை ஏந்துவதற்கு. அந்தக் காலத்தில் இறைச்சிக்கு முன்பே இதைக் கிரேவியோடு பரிமாறி வயிற்றைப் பாதி நிரப்பிவிடுவார்கள், விலை கூடிய இறைச்சி மிச்சமாகுமே! 10 சென்டிமீட்டர் உயரம்கூட எழும்பாதது யார்க்‌ஷர் புட்டிங்கே அல்ல என்று 2008இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் பாதி விளையாட்டாக அறிவித்தது. பப்பின் தரத்தை இதை வைத்தே எடைபோடலாம்: அன்று சுட்டது கோணல்மாணலாக, ஓரம் கரும்பழுப்பாக, அடி மெத்தென்று இருக்கும். பனிப்பெட்டியிலிருந்து வந்தது எல்லாம் ஒரே அளவில் வட்டமாக, அட்டை போல் உடையும்.

இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். முட்டை, மைதா, பால் மூன்றும் ஒரே கொள்ளளவு. அதாவது நான்கு முட்டையை ஒரு டம்ளரில் உடைத்து ஊற்றி, அது எவ்வளவு உயரம் வருகிறதோ அதே அளவு மைதா, அதே அளவு பால். உப்பு ஒரு சிட்டிகை. கட்டியில்லாமல் அடித்து அரை மணி நேரமாவது மூடி வையுங்கள். ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்கி, மஃபின் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, அதைப் புகை எழும்பும்வரை உள்ளே காயவையுங்கள். மாவை ஊற்றும்போது 'சுர்' என்று சத்தம் வர வேண்டும். 20 முதல் 25 நிமிடம், கதவைத் திறக்கவே கூடாது. இதில் பேக்கிங் பவுடர் கிடையாது, உப்புவது முழுக்க நீராவியால். எண்ணெய் போதுமான அளவு காயாவிட்டாலோ நடுவில் கதவைத் திறந்தாலோ ஓரம் இறுகுமுன் ஆவி அடங்கி, தட்டையான தோசையாக உட்கார்ந்துவிடும். எண்ணெய் புகையும் சூட்டைத் தாங்க வேண்டும் என்பதால் வெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம், சூரியகாந்தி எண்ணெய் போதும்.

சைவர்களுக்கு நட் ரோஸ்ட் என்ற, கொட்டைப்பருப்புகளில் செய்த கட்டி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மேலே ஊற்றும் கிரேவி இறைச்சிச் சாறாக இருக்கலாம். உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வறுத்ததாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

காலை உணவு

ஃபுல் இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்டில் பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி), பன்றி சாஸேஜ், முட்டை, தக்காளிச் சாற்றில் பீன்ஸ், வாட்டிய தக்காளி, காளான், டோஸ்ட், பிளாக் புட்டிங். கடைசியில் சொன்னது பன்றி இரத்தத்தில் ஓட்ஸ் அல்லது பார்லியும் கொழுப்பும் சேர்த்துச் செய்த கருப்புச் சாஸேஜ். ஆட்டு இரத்தப் பொரியல் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஓட்டலின் பஃபே வரிசையில் இதைச் சாப்பிடாதீர்கள். சூட்டுத் தட்டில் முட்டை ரப்பராகிவிடும். தெருவோரத்து எளிய கஃபேயில் சொன்ன பிறகு பொரித்துத் தருவதுதான் அசல். ஸ்காட்லாந்தில் சதுர சாஸேஜும் உருளைக்கிழங்கு ரொட்டியும் சேரும். வட அயர்லாந்தில் சோடா ரொட்டி. வேல்ஸில் கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்த லேவர்பிரெட், கூடவே சிப்பி.

பிரவுன் சாஸை இதோடு தவறவிடாதீர்கள். பிரபலமான எச்.பி. சாஸில் தக்காளி, வினிகர், பேரீச்சம்பழம் ஆகியவற்றோடு நம் புளியும் இருக்கிறது. நாக்கு அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். உஸ்டர் சாஸிலும் புளி உண்டு. ஆனால் அதில் நெத்திலி வகை மீனும் ஊறியிருக்கிறது, சைவர்கள் கவனிக்க.

பை, பாஸ்டி

கார்ன்வால் பக்கம் போனால் பாஸ்டி. தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் மதியத்துக்கு எடுத்துப்போன கட்டுச்சோறு என்றே இதைச் சொல்லலாம். 'கார்னிஷ் பாஸ்டி' என்ற பெயருக்கு 2011 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு: கார்ன்வாலில் தயாரித்ததாக இருக்க வேண்டும், அரைவட்ட வடிவம், மடிப்புக் கொசுவம் பக்கவாட்டில்தான், உச்சியில் அல்ல, உள்ளே மாட்டிறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், காய்கள் குறைந்தது 25 சதவீதம். காய் என்றால் உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு (swede) என்ற மஞ்சள் நிற டர்னிப் வகைக் கிழங்கு. எல்லாவற்றையும் பச்சையாகவே உள்ளே வைத்து மூடி மெதுவாகச் சுடுவதால் இறைச்சிச் சாறு கிழங்கில் இறங்குகிறது. மசாலா உப்பும் மிளகும் மட்டும். கத்தி, முள்கரண்டி எதற்கு? காகிதப் பையோடு பிடித்து ஒரு முனையிலிருந்து கடியுங்கள், ஆனால் வாங்கியதும் அல்ல. உள்ளே சூடு வெகுநேரம் நிற்கும், மேல்வாய் வெந்துபோகும். மாடு வேண்டாதவர்களுக்கு சீஸ்–வெங்காயப் பாஸ்டி ஏறக்குறைய எல்லாக் கடையிலும் உண்டு.

மெல்டன் மோப்ரே போர்க் பை வேறு ஜாதி. முழுக்கப் பன்றி இறைச்சி, சுற்றிலும் கெட்டி மாவு, நடுவே உறைந்த இறைச்சிச் சாறு. அச்சில்லாமல் சுடுவதால் பக்கம் வளைந்து தொப்பை போட்டிருக்கும். இதை ஆறிய நிலையில்தான் சாப்பிட வேண்டும். சூடாக்கினால் ஜெல்லி உருகி ஓடிவிடும். கடுகு அவசியம்.

மெனுவில் மயங்க வேண்டாத இரண்டு பெயர்கள்: ஷெப்பர்ட்ஸ் பை என்றால் ஆட்டுக் கொத்துக்கறி, காட்டேஜ் பை என்றால் மாடு. இரண்டுக்கும் மேலே மசித்த உருளைக்கிழங்கு, தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. சில கடைகளில் மாட்டுக்கறி போட்டுவிட்டு ஷெப்பர்ட்ஸ் என்று எழுதுவதும் உண்டு. வாய்விட்டுக் கேட்பதே பாதுகாப்பு.

வடக்கேயும் மேற்கேயும்

ஹகிஸ் பற்றிய பயம் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தேவையே இல்லை. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றை ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகோடு கொத்தி வேகவைத்தது. குடல் கறி, ஈரல் வறுவல் சாப்பிடும் வீட்டுக்கு இது பக்கத்து வீட்டுப் பண்டம். பிரிட்டனின் பழைய உணவுகளில் மிளகுக் காரம் உருப்படியாகத் தெரிவது இதில்தான். மசித்த உருளைக்கிழங்கும் மசித்த ஸ்வீடு கிழங்கும் கூட வரும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாளான ஜனவரி 25 இரவு ஸ்காட்லாந்து முழுக்க இதுதான் விருந்து. சைவ ஹகிஸ் 1984 முதலே கடையில் விற்கிறது. பருப்பும் ஓட்ஸும் சேர்ந்த அது சமாதானத்துக்குச் செய்த போலி அல்ல, தன்னளவிலேயே நல்ல உணவு. மழையில் நனைந்து உள்ளே வந்தால் கல்லன் ஸ்கிங்க் கேளுங்கள்: புகையிட்ட ஹேடாக், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் சேர்ந்த கெட்டிச் சூப். மாடும் பன்றியும் இல்லாத ஸ்காட்லாந்து உணவில் எங்கள் முதல் ஓட்டு இதற்குத்தான்.

வேல்ஸில் சீஸை ஏல் பீரிலும் கடுகிலும் உருக்கி டோஸ்ட்டில் ஊற்றி வாட்டிய வெல்ஷ் ரேர்பிட் சாப்பிடலாம். உஸ்டர் சாஸ் சேர்ப்பது வழக்கம் என்பதால் முன்சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும். கிளமோர்கன் சாஸேஜ் பெயருக்குத்தான் சாஸேஜ். சீஸும் லீக் என்ற வெங்காய வகைத் தண்டும் ரொட்டித்தூளும் கலந்த சைவம்.

இந்தியாவிலிருந்து போனவையும் அங்கே ஊர்ச்சாப்பாடாகிவிட்டன. கெட்ஜரி நம் கிச்சடியின் பேரப்பிள்ளை, பருப்புக்குப் பதில் புகையிட்ட மீனும் அவித்த முட்டையும். முல்லிகட்டானி சூப்பின் மூலம் நம் மிளகுத்தண்ணீர். ஆனால் அங்கே அது கெட்டியாக, சில சமயம் ஆப்பிள்கூடப் போட்டு வரும். ரசத்தை எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

தேநீரும் இனிப்பும்

கிரீம் டீ என்றால் டீயில் கிரீம் அல்ல. ஒரு பானை டீ, ஸ்கோன் என்ற மென்மையான சிறு ரொட்டி, ஸ்ட்ராபெரி ஜாம், கிளாட்டட் கிரீம். கிரீமை மெதுவாக நெடுநேரம் சூடாக்கி ஆறவிட்டு மேலே திரளும் கெட்டி ஏட்டை எடுத்ததுதான் இது. கார்ன்வாலின் பதிவு பெற்ற வகையில் கொழுப்பு குறைந்தது 55 சதவீதம். ஸ்கோனைக் கையால் இரண்டாகப் பிளந்து டெவனில் கிரீம் முதலில், கார்ன்வாலில் ஜாம் முதலில். ஸ்கோன் சூடாக இருந்தால் ஜாம் முதலில் போவதே நடைமுறைக்கு நல்லது, கிரீம் உருகி வழியாது. மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மூன்று மூன்றரைக்குப் போங்கள்.

இனிப்புகளில் முதலிடம் ஸ்டிக்கி டாஃபி புட்டிங்: பேரீச்சம்பழம் சேர்த்த கேக், மேலே வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் காய்ச்சிய சூடான சாஸ். பழக் கிரம்பிள் சூடான கஸ்டர்டோடு. இரண்டும் பொதுவாக முட்டைச் சைவர்களுக்குப் பிரச்சினையில்லாதவை. ஸ்பாட்டட் டிக் என்ற உலர்திராட்சைப் புட்டிங், கிறிஸ்துமஸ் புட்டிங் இரண்டிலும் சூவெட் எனப்படும் மாட்டுக் கொழுப்பைச் சேர்ப்பது மரபு. இப்போது தாவரச் சூவெட்டிலும் செய்கிறார்கள் என்பதால் கேட்டு வாங்கலாம். டிரைஃபிள் போன்ற குளிர்ந்த இனிப்புகளில் இருக்கும் ஜெல்லி விலங்கு ஜெலட்டினாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பப்பில் எப்படி ஆர்டர் செய்வது

உட்கார்ந்து காத்திருந்தால் பல பப்களில் யாரும் வர மாட்டார்கள். காலி மேசையைப் பிடித்து, அதன் எண்ணைப் பார்த்துக்கொண்டு, பாருக்குப் போய்ச் சொல்லி அங்கேயே பணம் கட்ட வேண்டும். சமையலறை பப் திறந்திருக்கும் நேரம் முழுக்க இயங்காது; மதியம் இரண்டரை வாக்கில் நின்று மாலை ஆறுக்குத் திறந்து ஒன்பதுக்கு மூடுவது சாதாரணம். சிற்றூர்களில் இரவு எட்டரைக்குப் போய் நின்றால் கிரிஸ்ப்ஸ் பாக்கெட்தான் இரவுச் சாப்பாடு. மது விற்கும் உரிமம் உள்ள இடங்களில் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். 'டாப் வாட்டர்' என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். பாரில் ஆர்டர் செய்தால் டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். உணவகப் பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு மேலே கொடுப்பதை யோசியுங்கள். வேர்க்கடலை, பால், முட்டை, கடுகு உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்கள் எந்த உணவில் இருக்கின்றன என்ற தகவலைக் கடைக்காரர் தந்தாக வேண்டும். ஆனால் மாட்டுக் கொழுப்பும் ஜெலட்டினும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை நீங்களாகத்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.